அதட்டலாகக் கேட்ட குரல்

பொள்ளாச்சியில் பெற்ற பிள்ளையைக் கூட “வாங்க சாமி” என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி, கேரள எல்லையோர ஆரியங்கோட்டுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று, “ஏட்டி, சோறு தின்னாச்சா?” என்று கேட்டால் அவசரமாக உள்ளே போய்விடுவேன். என் வயதுதான் அவளுக்கு. ரப்பர் பால் வெட்டும் வேலை. அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்து, மூன்று வருஷம் போல ஒதுங்கியே இருந்தேன்.

ஒரு நாள் காலையில் என் மகளைக் குளவி கொட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் அழுத சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

“பிள்ளைய எடுத்துட்டு வண்டில ஏறு. நின்னு அழாத!”

அவளுடைய ஸ்கூட்டரில் நெய்யாற்றின்கரைக்குப் பறந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனாள். உள்ளே நல்ல கூட்டம். “கொஞ்சம் பாருங்களேனுங்க, குழந்தைக்கு முடியலீங்க” என்றேன். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தேன். மகளின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

“மோள்க்கு சுவாசம் கிட்டுணில்ல! டாக்டர் இப்போ நோக்கணும்!”

மகளுக்கு மூச்சு வரவில்லை, டாக்டர் இப்போதே பார்க்கணும் என்று மலையாளத்தில் கத்தியது என் குரல்தானா? எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் திட்டப்போகிறாள் என்று பயந்தேன். ஆனால் அவள் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். “இது ஆதியமே பறயண்டே சேச்சி?” முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமா என்கிறாள்! அவள் குரலில் துளி கோபமில்லை. ஊசி போட்டு, மகள் சீராக மூச்சு விடும்வரை என் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தனை நாளா நீங்க என்னைத் திட்டறதா நினைச்சேங்க” என்றேன்.

“நானா? எனக்க தொண்டை அப்பிடி ஆக்கும், மக்கா!” என்று ஆஸ்பத்திரியே அதிரச் சிரித்தாள். அந்தச் சத்தம் அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

இப்போதெல்லாம் போனில் அம்மா, “ஏஞ் சாமி சத்தமா பேசறீங்க, அங்க ஏதாச்சும் சண்டைங்களா?” என்று கேட்கிறாள்.

“இல்லீங்கம்மா. என்னை நல்லாப் பாத்துக்கறாங்க.”