ரொட்டி ஆகாத நாய்

பூண்டியில் ஆசிரியையாகச் சேர்ந்த வருஷம் எனக்குத் துணை ஒரு செவலை நாய்தான். பெரும்பாறையில் காப்பிப் பழம் பறிக்கும் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். யார் வீட்டிலும் போய் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால், "அப்பா என்ன சோலி பாக்குறாரு டீச்சர்?" என்று கேட்பார்கள். சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்டுவிட்டு, எடுத்த தம்ளரை உள்ளே வைத்து வேறு தம்ளர் கொண்டுவருவார்கள். அதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் கொடைக்கானல் போய் ரொட்டி வாங்கி வருவேன். சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து எனக்கொரு துண்டு, நாய்க்கொரு துண்டு. அந்த ஊரில் என்னோடு சேர்ந்து தின்றது அது ஒன்றுதான்.

மழைக்கு முன்பே அதற்கு அரிப்பு தொடங்கியது. காது சிவந்து, வயிற்றில் முடி கொட்டி, கதவில் உராய்ந்துகொண்டே இருந்தது. கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவியும் குறையவில்லை.

பூண்டுத் தோட்டத்திலிருந்து வந்த வீட்டுச் சொந்தக்காரர் நின்று பார்த்தார்.

"என்ன டீச்சர், சொறிநாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கீங்க? நாளைக்கு நீங்களும் சேந்து சொறிவீங்க."

"சொறிஞ்சா நான் சொறிஞ்சுக்கிறேங்க."

"வீடு என்னுதுல்ல? அடுத்த பூண்டு லோடுல ஏத்தி வத்தலக்குண்டுல எறக்கி விட்டுருவேன். சொல்லிப்புட்டேன்."

அடுத்த லோடு போகவில்லை. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. பஸ் இல்லை, ரொட்டியும் இல்லை. நானும் நாயும் அவித்த உருளைக்கிழங்கையே தின்றோம். பாதை திறக்க வெகுநாள் ஆனது. கந்தகம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் காதின் சிவப்பு வடிந்து, வயிற்றில் புதுமுடி அரும்பியிருந்தது.

முதல் பஸ்ஸில் போய் ரொட்டி வாங்கி வந்து பழையபடி பங்கு வைத்தேன். சில நாளில் மறுபடி காதைப் பிறாண்டியது. நிறுத்தினேன், அடங்கியது.

லோடு ஏற்ற வந்த வீட்டுக்காரர் நாயைப் புரட்டிப் பார்த்தார்.

"எந்த வைத்தியருங்க பாத்தாரு?"

"யாரும் பாக்கலைங்க. அதுக்கு ரொட்டி ஆகலை, அம்புட்டுதான்."

"அட! தொரைமாரு தீனி நாட்டு நாய்க்கு ஏறலையாக்கும்!" சிரித்துக்கொண்டே லாரிப் பக்கம் போனார். நாய் என்னிடமே இருந்துவிட்டது.

நான் ரொட்டியை விடவில்லை. என் சம்பளத்தில் எனக்கென்று வாங்கிய முதல் ருசி அது. கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். வெளியே படியில் உட்கார்ந்து, கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து நாய் மூச்சிழுப்பது கேட்கும். மென்று முடித்து, வாய் கொப்பளித்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.