கேதம் சொல்லப் போன வெள்ளிக்கிழமை

ஆடிக் காற்றில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் போடியில் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் பல்லிடுக்கில் மண் நறநறக்கும். மூடிக்கொண்டால், சரக்கு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளிலிருந்து வரும் ஏலக்காய் மணம் மூக்கில் ஏறி, ஊரைத் தாண்டும்வரை இறங்காது. மேற்கே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, கீழே எங்களுக்கு அதன் மிச்சமாகக் காற்றும், நினைத்த இடத்தில் விழுந்து முகத்தைத் துடைப்பதற்குள் வெயிலாக மாறிவிடும் சாரலும்தான் கிடைக்கும்.

நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு, பதினெட்டாம் பெருக்குக்கு முந்திய வெள்ளிக்கிழமை விடியற்காலையில் என் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தார். கிழமையைப் பஞ்சாங்கத்தில் சரிபார்க்க வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை. அன்று நடந்ததெல்லாம் அது வெள்ளிக்கிழமை என்பதால்தான் நடந்தது. "சனிப்பொணம் தனியாப் போகாது" என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் சொல். சனிக்கிழமைவரை வீட்டில் வைத்திருந்தால் இன்னோர் உயிரையும் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போகும் என்று பொருள். ஆகவே பொழுது சாய்வதற்குள் அம்மாவை எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து "கோடி" வர வேண்டும். இறந்த பெண்ணின் உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து தன் கையால் அவளுக்குப் போர்த்துவதுதான் கோடி. அது வராமல் பாடை நகராது.

அம்மாவுக்கு ஒரே அண்ணன், பொட்டிபுரத்தில் இருந்தார். அவருக்கும் அப்பாவுக்கும் சில ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. என் தம்பியின் காதுகுத்துப் பத்திரிகையை அப்பா நேரில் கொண்டுபோய் வைக்காமல் தபாலில் அனுப்பியதுதான் காரணம். கிட்டங்கியில் சோலி அதிகம், நகர முடியவில்லை என்பது அப்பாவின் கட்சி. "தாய்மாமன் மடியத் தபால்ல கேக்குறாக" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார், வரவில்லை. தூரத்து உறவில் மாமன் முறையான ஒருவரின் மடியில் தம்பியை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அம்மா, அதன் பிறகு பிறந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போகக் கூடாது என்று சொன்னவர் அப்பா. வா என்று சொல்லாதவர் மாமா.

அன்று காலையில் பொட்டிபுரத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். சற்று நேரத்தில் கடைக்காரரே திரும்ப அழைத்தார். மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம், அழுது முடித்து, "கேதத்தையும் போன்லயே முடிச்சுட்டாகளா? போன்ல வந்த சாவு எனக்குச் சாவு இல்ல. ஆள் வந்து சொல்லட்டும்" என்று உட்கார்ந்துகொண்டாராம். கேதம் என்றால் சாவுச் செய்தி. ஓர் ஆள் நேரில் போய், வாசலில் நின்று சொன்னால்தான் அது சொன்னதாகும்.

அப்பா போயிருக்கலாம். "பொண்டாட்டிய வாசல்ல போட்டுட்டு அவன் காலத் தேடிப் போகவா?" என்றார். அப்பாவின் அக்காள், என் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "மருமக மொகத்தப் பாத்தா மாமன் மசிஞ்சிருவான். இவள அனுப்புங்க, வெரசாப் போயிட்டு வந்துரட்டும்." காலை பஸ் போய்விட்டிருந்தது. ஜீப்புகள் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறியிருந்தன. பெரியப்பா மகன் முத்து அண்ணனும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். அம்மாவை அப்போது குளிப்பாட்டக்கூட இல்லை; அவர் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றதைக் கண்டு யாரோ என் தோளைத் தள்ளி, "வந்து பாத்துக்கிரலாம், போ" என்றார்கள்.

சிலமலை வழியாகப் பொட்டிபுரம் போகும் சாலையில் மலை வலப்பக்கம் கூடவே வரும். காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. எதிர்க்காற்றாக இருந்தால் குனிந்து மிதிக்கலாம், பின்காற்றாக இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கலாம், பக்கவாட்டில் அடிப்பதற்கு ஒன்றும் செய்ய முடியாமல் கைப்பிடியை மலைப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே நேராகப் போக வேண்டியிருந்தது. தென்னந்தோப்பு வந்தால் காற்று சட்டென்று நிற்கும், நாங்கள் வலப்புறம் சாய்வோம். தோப்பு முடிந்ததும் அறைந்து இடப்புறம் தள்ளும். முத்து அண்ணன் கத்தினார்: "ஏ புள்ள, நாம பொட்டிபுரம் போறமா, தேனிக்குப் போறமான்னு இந்தக் காத்துட்டக் கேட்டுச் சொல்லு." நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகச் சிறிது தூரம் அழுதுகொண்டே மிதித்தேன். சாரல் வந்து நனைத்தது, வெயில் வந்து காயவைத்தது, மறுபடியும் சாரல் வந்தது.

சிலமலை டீக்கடையில் ஒருவர், "இந்தக் காத்துல எங்க ஆத்தா போறீக?" என்றார். கேதம் சொல்ல என்று அண்ணன் சொன்னதும் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொட்டப்புள்ள கேதம் சொல்லப் போறத இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

மாமா வெள்ளை வேட்டி கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாம்பாளத்தில் மஞ்சள் நிறக் கண்டாங்கிச் சேலை தயாராக இருந்தது. மாலையும் இருந்தது. எல்லாம் காலையிலேயே வாங்கிவைத்தவை. அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்று முறையாகச் சொன்னார். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, ஒங்க வீட்டுல ஆம்பள யாரும் இல்லையா?"

"நான் ஆம்பள இல்லையா மாமா?"

"மொதல்ல மீச மொளைக்கட்டும் மாப்ளே, அப்புறம் கேதம் சொல்ல வா."

சுற்றி இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பிறகுதான் மாமா என்னைப் பார்த்தார், முகம் கோணியது. "ஆத்தா, ஒங்காத்தா போயிட்டாளா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை. இத்தனை ஆண்டுகள் யோசித்தும் அதைப் பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. "கெளம்புங்க மாமா, எடுத்துருவாக" என்றேன். "கோடி போகாம எவன் எடுப்பான்?" என்றார்.

பங்காளிகள் தோட்டத்திலிருந்து வர வேண்டும், கொட்டுக்காரர்கள் வர வேண்டும், டிராக்டருக்கு டீசல் வர வேண்டும். எல்லாம் வந்து நாங்கள் கிளம்பியபோது வெயில் மேற்கே இறங்கிவிட்டிருந்தது. எங்கள் சைக்கிள்களையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். சிலமலையில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்த சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார் மாமா. கூட்டம் குறைந்தால் பிறந்த வீட்டுக்குக் கேவலமாம். அவர்கள் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார்கள். மலை கறுத்துக்கொண்டு வந்தது. நான் என் சைக்கிளை இழுத்து இறக்கினேன்.

"கோடிக்கு முன்னால நீ போனா மொறையில்ல ஆத்தா. ஏறு வண்டில."

"எங்கம்மாவப் பாக்கணும்."

"நாங்க என்ன சும்மாவா வர்றோம்? மொறையோட வந்தாத்தான் அவளுக்கு மருவாதி."

நான் ஏறி மிதித்தேன். அண்ணன் தன் சைக்கிளை இறக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மண்ணும் மழையும் சேர்ந்து கன்னத்தில் அடித்தன. ஒருமுறை ஓடைப் பாலத்தருகே காற்று என்னைச் சாலையோரச் சரளையில் தள்ளியது, முழங்கை கிழிந்தது. அண்ணன் கழன்ற சங்கிலியை மாட்டிக்கொடுத்துவிட்டு, "மிதி, பொழுது இருக்கு" என்றார். பொழுது இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

எங்கள் வாசலில் பந்தல் இருந்தது. அம்மாவைக் கிடத்தியிருந்த பெஞ்சு இல்லை. வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் செவ்வந்தி இதழ்கள் மிதந்தன. பெண்கள் தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் அத்தை மாரில் அடித்துக்கொண்டார். காற்றில் தலைமாட்டு விளக்கு நிற்கவே இல்லை என்றும், மழை வருகிறது, பொழுது போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள் என்றும், "அவன் வரமாட்டான், எடுங்க" என்று அப்பா சொல்லிவிட்டார் என்றும் அழுகைக்கு நடுவே சொன்னார். கடையில் ஒரு சேலை வாங்கி, காதுகுத்தில் மடி கொடுத்த அந்தத் தூரத்து மாமனையே போர்த்தச் சொல்லியிருந்தார்கள். புள்ள இன்னும் வரலையே என்று ஒருவர் கேட்டாராம். அதற்கு அப்பா சொன்னது: "பொம்பளப்புள்ளதான, சுடுகாட்டுக்கா வரப்போறா?"

கொட்டுச் சத்தத்தோடு டிராக்டர் வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மாமா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, போர்த்த ஆளில்லாத வாசலில் நின்றார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா ஈர வேட்டியோடு எதிரே நின்றார். யார் யாரை அவமதித்தது என்று இருவரும் நெடுநேரம் கத்தினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா வந்தார். பெரியவர்கள் யாரோ கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தார்கள்; அவ்வளவு சுலபமாக இருந்தது அது. இருவரும் ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். "மச்சானுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துங்கப்பா" என்று அப்பா சொன்னது, பரிமாறிக்கொண்டிருந்த என்னிடம்தான்.

இருவரும் இன்று இல்லை. கேதம் சொல்லப் போகிறவர்களும் இல்லை. செத்த சிறிது நேரத்தில் மாலை போட்ட படம் எல்லோருடைய போனுக்கும் வந்துவிடுகிறது, அதற்குக் கீழே கைகூப்பி அனுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். நேரில் போய்ச் சொல்லும் அந்த அருமையான வழக்கம் மறைந்துவிட்டதே என்று வருந்தி எழுதுகிறவர்களைப் படிக்கிறேன். அவர்களில் யாரும் கேதம் சொல்லப் போயிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மறைந்தது போதாது.

அந்தத் தெருவில் அன்று ஈரத்தலையோடு நின்ற பெண்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். போடிக்குப் போனால் என்னைப் பிடித்து உட்காரவைத்து, மோவாயைத் தொட்டு, அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்துக் கிடத்தியிருந்ததைச் சொல்வார்கள். "தூங்குறாப்புல இருந்தா ஒங்காத்தா. அந்த மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒனக்கும் அப்படித்தான இருக்கும்?"

ஆமாம் என்கிறேன்.