வைனுக்குப் பொருத்தம் பார்த்தவர்

எண்பதுகளில் சுவிஸ் நாட்டின் எங்கடின் பள்ளத்தாக்கு ஹோட்டலொன்றில் நான் கோப்பை கழுவினேன். அங்கே மேசைகளில் பரிமாறிய யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், சட்டைக்குள் உருத்திராட்சத்தோடு, இத்தாலிய வைன் போத்தலின் தக்கையைக் கண்மூடி முகர்வார். “இந்தச் சிவப்பு வைன் மான் இறைச்சிக்கு, இந்த இனிப்பு வைன் பூசணம் பிடித்த சீஸுக்கு” என்று ஜெர்மனில் தீர்ப்புச் சொல்வார். பணக்காரர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். மனிதர் பிறவிச் சைவம்; வைனை நாக்கில் வைத்ததே இல்லை.

“குடிக்காமல் எப்பிடி அண்ணை பொருத்தம் சொல்லுறியள்?” என்று கேட்டேன்.

“சாத்திரியார் என்ன, பொம்பிளையோட குடும்பம் நடத்திப் பாத்தோ பொருத்தம் சொல்லுறவர்?”

பிறகு ஊர்ச் சாத்திரியார் ஒன்பது பொருத்தம் கண்டு எனக்குக் கட்டிவைத்தவள், என்னை விட்டுப் போய்விட்டாள். அண்ணை சேர்த்துவைத்த இனிப்பு வைனும் சீஸும் மட்டும் என் மேசையில் இன்னமும் பிரியாமல் இருக்கின்றன.