மிளா குடிக்கும் சுனை

போடிமெட்டுக்கு ஏறும் எங்கள் பஸ், எஞ்சின் கொதித்து நிற்கிறது. பக்கத்துச் சரிவில், மண் சரிந்து மூடிய சுனையைச் அடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரர்கள் பத்துப் பேர் தோண்டுகிறார்கள். தண்ணீர் தேடிக் கீழே இறங்கிய மிளாமான் ஒன்று நேற்று ஊர்க் கிணற்றில் விழுந்து செத்ததாம்.

“காட்டிலாகாவுக்கு மனு கொடுத்தீர்களா?” என்கிறேன். முப்பது வருடம் சர்க்கார் ஆபீசில் மனு வாங்கியவன் நான்.

மண் சுமக்கும் பெண் சிரிக்கிறாள். “மனுவக் குடிச்சா மிளாவுக்குத் தாகம் தீருமாய்யா?”

அந்நேரம் காட்டிலாகா காவலர் வந்துவிடுகிறார். மண்வெட்டிகள் நிற்கின்றன. வெள்ளைக்காரன் விட்டுப்போன வனச் சட்டத்தில், காட்டு மண்ணைத் தோண்டும் இவர்களைப் பிடிக்க எந்தப் பிரிவு என்பது எனக்குத் தெரியும்.

அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டுகிறார்.

“மம்பட்டியக் கொண்டா ஆத்தா, வெரசா!”

சட்டை இல்லாத காவலருக்கு அதிகாரம் இல்லை, அதுவும் விதிதான். நிம்மதியாக நானும் ஒரு கூடையைத் தூக்குகிறேன்.