கீழ்வீட்டு மன்றாட்டு

தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் கீழே இருந்தார். தினம் ஏழு மணிக்கு, கழுத்தில் புனிதப் படம் வைத்த உத்தரியக் கயிறு தொங்க, மனைவி மக்களை மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் நிறுத்திவிடுவார். என்னிடம் ஒரு குறையும் சொல்லமாட்டார். ஜெபமாலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்வார், மாடிக்குக் கேட்கும்படி.

"தொட்டி நெறஞ்சு வழியுதுங்க ஆண்டவரே. மேலூட்டுக்காரரு மோட்டாரை நிறுத்த மறந்துபோடறாருங்க. கொஞ்சம் ஞாபகசக்தி குடுங்க."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மொத்தக் குடும்பமும் சொல்லும்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நானும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன்தான். வீட்டில் ஜெபம் சொல்வதுதான் எப்போதோ நின்றுபோயிருந்தது. எட்டாம் நாள் விறுவிறுவென்று இறங்கிப்போய், அவர்கள் பாயிலேயே முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, வீட்டுக்காரருக்கு எதையும் என்னிடம் நேராகச் சொல்லும் தைரியத்தைத் தாரும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அவர் மனைவியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

அவர் முகம் மாறவில்லை. வாசல்வரை கூடவே வந்தார்.

"நாளைக்கு ஜெபமாலையில ரெண்டாவது தேவரகசியம் நீங்க முன்னால சொல்லுங்க. ஊட்ல அம்மணியையும் கூட்டிட்டு வாங்க."

மோட்டாரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அங்கே குடியிருந்த மூன்று வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் நேராகக் கேட்டது அது ஒன்றைத்தான்.