ரேவிக்குப் பின்னால் நின்றவள்

போன வாரம் பெட்ரோல் பங்கில் ஒருவன் என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்களுக்குத்தான் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாச்சே, இன்னும் எதுக்கு இந்த ஊர்வலம் எல்லாம்?" என்று கேட்டான். ரேடியோவிலும் அதே பல்லவிதான். வெள்ளைக்காரர்கள் இந்த மண்ணின் ஜனங்களான எங்களோடு போட்ட ஒப்பந்தம் பழசு, எல்லாம் தீர்ந்தது, ஒரே நாடு, ஒரே சட்டம், மாவோரிகளுக்கு மட்டும் என்ன தனி என்று காலை ஏழு மணிக்கே ஃபோன் போட்டுப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவனுக்கு நன்றாகவே கொடுத்திருப்பேன். ஆனால் 'திருப்பிக் குடுத்தாச்சு' என்று அவன் சொன்னதுமே எரானாவின் முகம் நினைவுக்கு வந்தது. பேசாமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எரானா என் பெரியப்பா மகள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகள் சத்தம் போட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நினைத்து இன்றைக்கும் பயப்படுகிற போலீஸ்காரர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். கல்யாணம் நிலைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "அவன் குறட்டை விடுவான்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள்.

அவளுக்கு ஊரில் இன்னொரு வேலையும் உண்டு, சம்பளமில்லாதது. எங்கள் குலம் கூடும் இடமான மராயேயின் முற்றத்தில் விருந்தாளிகளை உட்காரவைத்து ஆண்கள் எழுந்து பேசுவார்கள். ஒருவர் பேசி முடித்தால் அவர் பக்கத்துப் பெண்கள் அவர் பின்னால் வந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். இவர் எங்கள் ஆள், இவர் சொன்னது எங்கள் சொல் என்று அர்த்தம். பாட்டு இல்லாத பேச்சு எங்களிடம் பேச்சிலேயே சேராது. எந்தப் பாட்டு, எப்போது எடுப்பது என்பதெல்லாம் எரானா கையில். குரல் இனிமை என்று பொய் சொல்ல மாட்டேன், கரகரப்புத்தான். ஆனால் அவள் எழுந்தால் நாங்கள் அத்தனை பேரும் எழுவோம். அவள் உட்கார்ந்திருந்தால் நாங்களும் உட்கார்ந்திருப்போம்.

ரேவி அவளுடைய தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபது. வளர்த்தது, சட்டம் படிக்க வைத்தது, கல்யாணத்துக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தது எல்லாம் இவள்தான். அவன் முற்றத்தில் முதன்முதலாகப் பேச எழுந்த அன்று பாதியில் எல்லாம் மறந்துபோய் மரம் மாதிரி நின்றான். ஜனங்கள் சிரிப்பதற்குள் இவள் எழுந்து பாட்டை எடுத்துவிட்டாள். பேச்சு அங்கேதான் முடிகிறது போலும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவன் மானம் பிழைத்தது. அதற்குப் பிறகு அவன் பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் எரானா நின்றிருக்கிறாள்.

அவன் பேச்சு எடுபட்டதால்தான் அரசாங்கத்தோடு நில விஷயம் பேசும் குழுவுக்கு அவனையே தலைவனாக்கினோம். பதினான்கு வருடம் நடந்த பேச்சுவார்த்தை அது. தலைநகருக்கும் ஊருக்குமாக அவன் அலைந்த அலைச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை, முடி நரைத்தது அதில்தான். எங்களுக்கு வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது வைமாரோ காயல். எங்கள் விலாங்கு மீன் அதில்தான். எங்கள் செத்தவர்களைக் கழுவிய தண்ணீர் அது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நிலத்தைப் பிடுங்கியபோது எங்கள் குலத்துப் பெண் ஒருத்தி கட்டிய ஒப்பாரி உண்டு. இழந்த ஏழு இடங்களின் பெயரை வரிக்கு ஒன்றாகச் சொல்லி அழும் பாட்டு. நான்காவது வரி வைமாரோ. பெரிய சமாசாரம் எதுவானாலும் அந்தப் பாட்டைத்தான் எரானா எடுப்பாள்.

கடைசியில் தீர்வுப் பத்திரத்தின் நகல் வந்தது, வைமாரோவும் அதில் இருந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் போட்டால் பத்துப் பேர் வந்தார்கள். சலித்துப்போயிருந்தார்கள். ரேவி அக்காவிடம் வந்து நின்றான். அவள் தன் பழைய காரை எடுத்தாள், நான் ஃபிளாஸ்கும் பெயர்ப் பட்டியலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாய் கடிக்க வந்தது, ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், இன்னொரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு போடாமல் விடவில்லை. எரானா சொன்னால் சரி என்று ஓட்டுச் சீட்டில் குறி போட்டவர்கள்தான் அதிகம்.

மிச்சம் நின்றவர் பாரத்தேனே மாமா. எண்பத்தோரு வயது, காயல் கரையில் தகரக் கூரை வீடு, தனி ஆள். வாழ்நாளில் எந்தத் தேர்தலிலும் அவர் ஓட்டுப் போட்டதில்லை. நம் அதிகாரத்தை நம்மிடமே விட்டுவிடுவதாக 1840இல் போட்ட ஒப்பந்தத்தில் நம் மொழியில் எழுதி வைத்தார்கள், அதை நாம் யாருக்கும் விற்கவில்லை, பிறகு தீர்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. விலாங்கைப் புகைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்து, "என் வீட்டுல பாதியத் திருப்பித் தரேங்கிற திருடன்கிட்ட, சரி தீந்துதுன்னு நான் எழுதிக் குடுக்கணுமாக்கும்?" என்று கேட்டார். நான் பெயர்ப் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டேன்.

எரானா வாசலுக்கு வந்து ரேவிக்கு ஃபோன் போட்டாள். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"டேய், மாமா வீட்டுல நிக்கறேன். வைமாரோ நமக்கு வருதுதானே? நிச்சயமாச் சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"வருதுக்கா. என்னை நம்பு."

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "இது நீ சொல்றதா, அவன் சொல்றதா?" என்று கேட்டார். "நான் சொல்றேன் மாமா" என்றாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு காகிதத்தில் குறி போட்டார். அவனுக்காக இல்லை, உனக்காக என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காயல் எங்களுக்கு வந்துவிட்டதென்ற நினைப்போடு போனார்.

கையெழுத்து விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அச்சடித்த கடைசிப் பத்திரம் வந்தது. செங்கல் கனம். என் சமையலறை மேஜையில் வைத்து நானும் அவளும் வரைபடங்களைப் புரட்டினோம். எங்களுக்கு வந்த இடமெல்லாம் பச்சை. மலை பச்சை, பைன் காடு பச்சை, ஆற்று முகத்துவாரம் பச்சை. வைமாரோ வெள்ளையாக இருந்தது. அச்சுப் பிழை என்று நான் சொன்னேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள். ஓட்டுக்குப் பிறகு சில மாற்றங்களைக் குழுவே செய்துகொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. காயல் அரசாங்கத்துக்கு, வாத்து சுடும் சங்கத்தின் குத்தகை அப்படியே தொடரும். எங்களுக்கு? பழைய பெயரை எழுதிக் கரையில் ஒரு பலகை, ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலி.

ரேவியைக் கூப்பிட்டோம். வந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன், கப்பை அவன் முன்னால் வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டிருக்கும்.

"காடு வேணுமா காயல் வேணுமா, ரெண்டுல ஒண்ணுதான்னாங்கக்கா" என்றான். "காட்டுல நம்ம பிள்ளைங்களுக்கு வேலை இருக்கு."

"எப்ப சொன்னாங்க?"

அவன் டீயைப் பார்த்தான்.

"எப்பன்னு கேட்டேன்."

"ஓட்டுக்கு முந்தின மாசம்."

நான் விரல் விட்டு எண்ணவேண்டிய அவசியமே இல்லை. மாமா வீட்டு வாசலில் நின்று அவள் ஃபோன் போட்டபோது இவனுக்குத் தெரியும். பதில் வர அவ்வளவு நேரம் ஆனது அதனால்தான்.

அவன் நிறையப் பேசினான். நாட்டில் பாதிப் பேர் ஒன்றுமே கொடுக்கக்கூடாது என்று கத்துகிறார்கள், அடுத்த அரசாங்கம் வந்தால் இதுவும் கிடைக்காது, கையில் வந்ததை விட்டுவிட்டு இன்னும் நூறு வருடம் அழுதுகொண்டிருப்பதா என்று கேட்டான். அதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஊரைக் கேட்டிருந்தால் ஊரே ஒருவேளை காட்டை எடுத்திருக்கும். கேட்கவில்லை. நம்பவைத்துக் கழுத்தை அறுத்தான், அதுவும் வளர்த்தவள் கழுத்தை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா நீ வீடு வீடாப் போயிருக்க மாட்டே. நீ கேட்டாத்தான் அவங்க போடுவாங்க."

எரானா முகத்தில் நான் அப்படி ஒரு நிறத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. செத்துப்போன பாரத்தேனே மாமாவுக்கு இனி யார் பதில் சொல்வது என்று மெதுவாகக் கேட்டாள். அவன் எழுந்துகொண்டான். போகும்போது கதவருகே நின்று, "சனிக்கிழமை என் பின்னால நிப்பேல்ல?" என்றான். அந்த இடத்திலும் கேட்கத் தோன்றுகிறது பாருங்கள். "வண்டியப் பாத்து ஓட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

மராயே வாசலைப் பூட்டுவோம், அட்டை பிடித்து நிற்போம் என்று நான் குதித்தேன். விருந்தாளி என்று வருகிறவனை வாசலில் நிறுத்துவது நம் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் பாட்டு ஒத்திகைக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஊருக்கெல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை அமைச்சர் வந்தார், பேருந்துகள் வந்தன, டிவிக்காரர்கள் வந்தார்கள். முறைப்படி வரவேற்றோம். அமைச்சர் அரசாங்கத்தின் மன்னிப்பைப் படித்தார். நல்ல மன்னிப்புத்தான், எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன். எங்களுக்குச் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னபோது என் கண்ணும் கலங்கியது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிறகு ரேவி எழுந்தான். அழகாகப் பேசினான். இந்தத் தீர்வு முழுமையானது, முடிவானது, இன்றோடு எல்லாம் தீர்ந்தது என்று முடித்துவிட்டு, பேசுகிறவர் பிடிக்கும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பாட்டுக்காகக் காத்து நின்றான். எரானா முன்வரிசை பெஞ்சில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை. பின்வரிசையில் ஒருத்தி இருமினாள். எங்கள் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அமைச்சர் ஒன்றும் புரியாமல் புன்னகைத்தபடி இருந்தார். ரேவி திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. அவன் கழுத்து மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

கடைசியில் அவனே பாட ஆரம்பித்தான், அந்த ஏழு இடங்களின் பாட்டை. அவனுக்குப் பாடத் தெரியாது. குரல் உடைந்தது. யாரும் கூடச் சேரவில்லை. முதல் வரி மலை. இரண்டாவது முகத்துவாரம். மூன்றாவது வரியைப் பாடி மூச்சு வாங்கினான்.

அடுத்து ஐந்தாவது வரியைப் பாடினான்.

டிவிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு, தொட்டிலில் கேட்ட பாட்டு அது, அத்தனை பேருக்கும் பளீரென்று தெரிந்தது. ஆறாவது, ஏழாவது என்று ஓட்டமாக ஓடி முடித்துவிட்டு உட்காரத் திரும்பினான். அப்போது எரானா கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். நானும் எழப் போனேன். என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். நின்ற இடத்திலிருந்தே, தனியாக, அந்த நான்காவது வரியை மட்டும் பாடினாள். கரகரத்த அதே குரல், அவசரமே இல்லை. வைமாரோ என்ற பெயரில் வந்து நிறுத்தினாள். உட்கார்ந்தாள். ரேவி பாதி திரும்பிய நிலையிலேயே நின்றான், வாய் கோணிக்கொண்டு போனது, சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் போகும்.

அமைச்சர் கைதட்டினார். அவரோடு வந்தவர்களும் தட்டினார்கள்.

காயல் கரையில் அந்தப் பெயர்ப் பலகை இப்போதும் இருக்கிறது. வாத்து சுடுகிறவர்கள் அதில் குறிபார்த்துப் பழகியதில் நாலைந்து ஓட்டை. ரேவி அதற்குப் பிறகு எங்கள் முற்றத்தில் பேச எழவில்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் எனக்கு நினைவு வந்தது இதெல்லாம் இல்லை, அந்தத் திங்கட்கிழமை.

அன்று காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உருக்கமான விழாவில் அக்காவும் தம்பியும் சேர்ந்து பாடினார்கள் என்று போட்டு, பெரிய படமும் போட்டிருந்தார்கள். அவள் அடுப்பருகே நின்றபடியே படித்தாள். இரண்டாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மொதல் தடவை பேசின அன்னைக்கு அவன் மறந்துபோய் நின்னான், ஞாபகம் இருக்கா?" என்றாள். "ஓடிப்போய்க் காப்பாத்தினேன்."

"இருக்குக்கா."

"முந்தாநாள் அவன் மறக்கல, நைரி."

பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிப் போனாள்.