கிரவுன் ஆயிலில் கிடந்த பல்

என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். குன்னத்துகால் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவார். ஏற்றமும் வளைவும் நிறைந்த ரோடு. எங்கள் பிழைப்பு அதுதான்.

ஒரு சனிக்கிழமை பாலராமபுரத்துக்கு வேட்டி எடுக்கப் புறப்பட்டோம். போகிற வழியில் கிரவுன் ஆயிலை மாற்றிவிடலாம் என்று வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார். பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் இரும்பு உருண்டைக்குள் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. அவற்றுக்கான எண்ணெய் அது.

மெக்கானிக் அடியில் படுத்து மூடியைக் கழற்றினார். எண்ணெய் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் இறங்கியது. மூடியின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதில் கொஞ்சம் கரும்பசை ஒட்டியிருப்பது இயல்பு, முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். இம்முறை பசையின் மேல் மீன் செதில் போன்ற தகடுகள். அவற்றோடு அரிசி அளவில் ஓர் இரும்புத் துண்டு.

"அண்ணா, இது பல்லு ஒடைஞ்சதாக்கும். எத்தன நாளா ஒச்ச உண்டு?"

"ஒச்சயா? ஒரு சத்தமும் இல்லியே."

"இவ்வளவு தேஞ்சும் ஒச்ச இல்லியா? கல்யாண வீட்டு நாதஸ்வரம்போல கூவியிருக்குமே!"

"எலே, நான் தெனமும் ஓட்டுற வண்டி. எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். வரும் வழியில் நான் அந்தக் கூவலைக் கேட்டிருந்தேன். ஜீப்பில் அபூர்வமாக ஏறுகிறவள்; அதன் இயல்பே அப்படி என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடக்கும் நாட்கள். மாலையில் ஜீப் எங்கள் வாசலைக் கடக்கும்போது எல்லோரும் ஒரே குரலில் "ஊ" என்று இழுத்து, அதே சுருதியில் பாட்டை எடுப்பார்கள். என்ன விளையாட்டு இது என்று ஒருநாள் வண்டியை நிறுத்திக் கேட்டேன். "வண்டி சுருதி தருது ஆன்ட்டி," என்றாள் ஒரு சிறுமி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஞாயிறு ஆராதனையில், சபையில் அவர் இப்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்த பிறகே பாடத் தொடங்குகிறார் என்பதும் நினைவுக்கு வந்தது.

அவர் அந்த இரும்புத் துண்டை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "புது ஆயில் ஊத்து. ஒண்ணு ஓட்டிப் பாத்துட்டு வாறேன்," என்றார்.

"முக்கு வரைக்கும் போரும் அண்ணா. மெல்லப் போங்க."

என்னிடம், "நீ பொறத்த இரு. ஒச்ச வந்தா கையத் தூக்கு, நின்னா தாத்து," என்றார்.

பின்னால் பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி வேகம் எடுத்ததுமே கூவல் எழுந்தது. கையைத் தூக்கினேன். அவர் கண்ணாடியில் பார்த்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கூவல் நின்றது. கையைத் தாழ்த்தினேன். மறுபடியும் மிதித்தார். மறுபடியும் தூக்கினேன். சாலையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்து, அவர் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கோ அது காதைத் துளைத்தது.

ரப்பர் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். பின்னால் வரும் லாரியின் ஹாரன், ஒரு பிள்ளையின் அலறல்: இதில் எதுவெல்லாம் அவருக்குக் கேட்டிருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"பிள்ளைகளுக்க வீட்டுல சொல்லணும். வேற வண்டி பாக்கட்டு."

"வண்டி சரியாவுறது வரைக்குமா?"

"வண்டி சரியாவும்," என்றார்.

போனை எடுத்து, முதல் பிள்ளையின் அம்மாவுடைய எண்ணைத் தேடி, என்னிடம் நீட்டினார்.

"நீயே பேசு. பொம்பளைங்க போன்ல பேசினா எனக்குக் கேக்காது."

நான் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.